மேகங்களும் மத்தவிலாசமும்

கி. மு. 423-ம் ஆண்டில், ஏதென்ஸ் நகரத்துத் தியோனிசஸ் விழாவில், அரிஸ்டோபனிஸ் இயற்றிய ‘மேகங்கள்’ என்னும் நாடகம் அரங்கேறியது. மகனின் குதிரைப் பித்தினால் கடனில் மூழ்கிய நாட்டுப்புற விவசாயி ஒருவன், வலுவற்ற வாதத்தை வெல்லும் வாதமாக்கும் வித்தையைக் கற்றால் கடன்காரரை நீதிமன்றில் மடக்கலாமென எண்ணுகிறான். அதைத் தேடி அவன் செல்லும் சிந்தனைக்கூடத்தில், கூடையொன்றில் அந்தரத்தில் தொங்கியவாறு ஞாயிற்றை ஆராய்கிறார் சோக்கிரதீஸ்! போடியாரிடம் கடன்பட்டு வேளாண்மை செய்து பழகிய நம் கல்முனைப் பகுதியினருக்கு அவ்விவசாயியின் மனம் விளங்காமற் போகாது.

சொல்வன்மை மீது இத்துணைச் சினம் ஏன்? ஏதென்ஸில் வழக்காடுவோர், நூற்றுக்கணக்கான நடுவர் முன்னிலையில் தாமே பேசவேண்டும். நாவன்மை உடையவன் பிழைத்தான். அதனைச் சோபிஸ்டுகள் கூலிக்குக் கற்பித்தனர். செல்வர் மக்களே கற்றனர். எனவே பொதுமக்களின் ஐயம் நியாயமானதே. ஆனால் அரிஸ்டோபனிஸின் அம்பு தவறான மார்பில் தைத்தது. சோக்கிரதீஸ் கட்டணம் பெறாதவர். போட்டியில் அந்நாடகம் கடைசி இடமே பெற்றது. எனினும் 24 ஆண்டுகளின் பின், கி. மு. 399-ல், தம்மீதான பழைய குற்றச்சாட்டு அந்த ஏளனத்திலேயே இருப்பதாக அவர் நீதிமன்றிற் கூறினாரெனப் பிளேட்டோ எழுதுகிறார். நகைப்புக்கும் நஞ்சுக் கிண்ணத்துக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

தமிழகத்திலும் தத்துவவாதிகள் மேடையில் நகைக்கப்பட்டனர். கி. பி. 7-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவில் நிகழ்கிறது. மதுவுண்டு தள்ளாடும் காபாலிகன் சத்தியசோமன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, நாகசேனன் என்னும் பௌத்த பிக்குவைத் திருடன் என்கிறான். பிக்குவோ, மதுவையும் மாதரையும் அனுமதித்த மூல நூலை முதியோர் மறைத்துவிட்டனர் என ஏங்குபவன்! புத்தரே வேதாந்தத்தையும் மகாபாரதத்தையும் திருடியவர்தாம் என்கிறான் காபாலிகன். தத்துவ விவாதம் பிச்சைப் பாத்திரச் சண்டையாகிறது. இடைப்புகுந்த பாசுபதன் தீர்க்க முடியாமல் நீதிமன்றம் செல்லுமாறு கூற, காபாலிகனின் துணைவி தேவசோமை மறுக்கிறாள்: பல விகாரைகளின் செல்வமுடைய பிக்கு நீதிமன்ற அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவான், ஏழைகளாகிய நமக்கு அங்கே என்ன வழி?

தன் நீதிமன்றங்களைப் பற்றி அரசனே எழுதியது இது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வேறுபாட்டையும் மறக்கலாகாது. ஏதென்ஸில் அரிஸ்டோபனிஸ், நாட்டை ஆட்டிவைத்த கிளியோனையே கி. மு. 424-ல் மேடையேற்றி எள்ளினார். பெண்களும் அடிமைகளும் குடியுரிமையற்றிருந்த நகரமே எனினும், அதிகாரம் நகைப்புக்கு உள்ளானது. காஞ்சியில் மன்னன் துறவிகளை நகையாடினான், அதுவும் வடமொழியிலும் பிராகிருதத்திலும். மன்னனை நகையாடிய பாத்திரம் அந்நாடகத்தில் இல்லை. அதிகாரிகள் வரை வந்த ஏளனம் அரண்மனை வாயிலில் நின்றுவிட்டது.

கபாலம் இறுதியில் ஒரு பித்தனிடம் அகப்படுகிறது. அவன் அதை ஒரு நாயிடமிருந்து பறித்தவன். நீதிமன்றப் படியேறும் தேவை தேவசோமைக்கு ஏற்படவில்லை.