செடிக்குப் பாதுகாப்பு, ஆளுக்கு?

நாட்டுத் தாவரங்களைக் காக்க ஊரில் ஒரு சங்கம் வேண்டும் என்றார்கள் நண்பர்கள். துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'நாட்டுத் தாவரம்' எது என்று வரையறுக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல். "நாட்டுச் செடின்னா நாட்டுச் செடிதான், இதுல என்னப்பா தத்துவம்?" என்றார் ஒருவர். அவருக்குப் பதில் தேடிப் போனதில் கலிபோர்னியாவில் 1965இல் பிறந்த ஒரு சங்கத்தின் கதை கிடைத்தது.

பெர்க்லியை ஒட்டிய மலையில், டில்டன் பூங்காவுக்குள், 1940இல் ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. மாநிலமெங்கும் அலைந்து செடிகள் கொண்டுவந்து அதை வளர்த்தவர் ஜேம்ஸ் ரூஃப். அறுபதுகளின் நடுவில் பூங்கா நிர்வாகம் தோட்டத்தை இடம்மாற்ற முனைந்தது. உள்ளூர்க்காரர்கள் கூடி எதிர்த்தார்கள், தோட்டம் பிழைத்தது. அப்படிக் கூடியவர்களின் முயற்சியே கலிபோர்னியா நாட்டுத் தாவரச் சங்கமாயிற்று. பரிணாமவியலில் பெயர்பெற்ற லெட்யார்ட் ஸ்டெபின்ஸ் தொடக்க ஆண்டுகளில் அதன் தலைவராயிருந்தார். 1974இல் சங்கம் அரிய தாவரங்களின் பட்டியலை அச்சிட்டது. 1977இல் மாநிலத்தில் நாட்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு தோட்டத்துக்காகக் கூடியவர்கள் இவ்வளவு தூரம் வந்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஐரோப்பியர் வருமுன்பே அங்கிருந்த தாவரமே நாட்டுத் தாவரம் என்பது பொதுவான வரையறை. ஸ்பானியக் குடியேற்றம் 1769இல் தொடங்கியது. அந்தக் கோட்டுக்கு முந்தைய நிலத்தை மனிதக் கை படாத இயற்கையாகக் கட்டமைப்பதில்தான் வன்முறை ஒளிந்திருக்கிறது. அங்கே ஆட்கள் இருந்தார்கள். பெர்க்லிப் பகுதியின் ஒலோனி மக்கள் கிழங்கு தோண்டினார்கள், விதை சேர்த்தார்கள், புல்வெளிக்குத் தீவைத்துப் புதுத்தளிர் வரவழைத்தார்கள். அந்த 'இயற்கை'யில் அவர்கள் உழைப்பு உண்டு. எம். கேட் ஆண்டர்சனின் 'டெண்டிங் தி வைல்ட்' (2005) என்ற நூல் இதைத்தான் விரிவாகச் சொல்கிறது.

1850இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. பெயர்: இந்தியர்களின் ஆளுகைக்கும் பாதுகாப்புக்குமான சட்டம். பழங்குடிகளைக் கட்டாய வேலையில் தள்ளவும் அவர்கள் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அது வழிவிட்டது. புல்வெளிக்குத் தீவைப்பதைக் குற்றமாக்கியது. அதிலும் 'பாதுகாப்பு', 1977இலும் 'பாதுகாப்பு'. மனிதருக்குச் சூறையாடலாக வந்த சொல் செடிக்கு மட்டும் நிஜமாகவே பாதுகாப்பானது. சங்கம் பிறந்து நான்கே ஆண்டில், 1969இல், பல பழங்குடிகளின் இளைஞர்கள் எதிரே விரிகுடாவிலிருந்த அல்கட்ராஸ் தீவைக் கைப்பற்றி நில உரிமை கேட்டார்கள். இரண்டு கதைகளையும் சேர்த்து வாசிக்க யாருக்குத் தோன்றியது?

சங்கத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் கூடாமலிருந்தால் தோட்டம் போயிருக்கும். என் பயம் நம்மைப் பற்றியது. 'நாட்டுச் செடி' என்பதற்கும் 'மண்ணின் மைந்தர்' என்பதற்கும் நடுவே தூரம் அதிகமில்லை. அந்நியச் செடியைப் பிடுங்கப் பழகும் கை எங்கே போய் நிற்கும்?

துண்டறிக்கையில் வரையறையை அடித்துவிட்டு மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறேன்: இந்தச் செடியை இதுவரை யார் பறித்தார்கள், யார் தின்றார்கள், நாம் வேலி போட்டால் யார் வெளியே நிற்பார்கள்? முதல் கூட்டத்துக்கு ஆடு மேய்ப்பவர்களையும் சுள்ளி பொறுக்குகிறவர்களையும் கூப்பிடணும் என்றேன். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.