சக்கர நாற்காலியில் வந்த அறுவை மருத்துவர்

1954இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் வெளியூர் கிளம்பிய வண்டி விபத்துக்குள்ளானது. அதில் இருந்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ், கேரளத்துப் பெண். முதுகுத்தண்டில் பலத்த அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று.

மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. தோல் உணர்வதும் அதே வழியில்தான் மேலே ஏறுகிறது. பாதை அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். நடக்க முடியாதது ஊருக்குத் தெரியும். வலி தெரியாததுதான் கொடுமை: புரண்டு படுக்காவிட்டால் படுக்கைப்புண், சிறுநீர் தேங்கினால் சிறுநீரகக் கேடு. அக்காலத்தில் பலரின் உயிரைக் குடித்தவை இவைதான்.

அறுவை சிகிச்சைக்குத் திரும்பு என்று மேரியைத் தூண்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவது அவருடைய துறை, உட்கார்ந்தபடியே செய்யலாம். சூடுபட்டாலும் தெரியாத கைகள் அவை. தன் கால்களை உணராத ஒருவர் அந்தக் கைகளைச் சீராக்கினார். விதிக்கு இப்படியும் ஒரு குறும்பு!

பிறகு மேரி நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமை. 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்படி ஒன்று அப்போது புதுமை. 1972இல் பத்மஸ்ரீ. வேலூர் பாகாயத்தில் உள்ள அந்த மையம் இன்று அவர் பெயரிலேயே இயங்குகிறது.