கூட்டை யார் நகர்த்துவது?

12 அடி நீளம், 10 அடி அகலம், 2 அடி உயரம். மரச்சட்டம், சுற்றிக் கம்பிவலை, மேலே தகரம். தரை மட்டும் கிடையாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்வூப் என்ற ஊரில் பண்ணை வைத்திருக்கும் ஜோயல் சாலட்டின் தன் கறிக்கோழிகளை வளர்க்கிற கூடு இது. ஒரு கூட்டில் எழுபது எண்பது கோழிகள் இருக்கும். தினமும் காலையில் ஒருவர் வந்து, பின்பக்கம் சின்னச் சக்கரவண்டியைக் கொடுத்து நெம்பி, முன்பக்கம் பிடித்து ஒரு கூடு தூரத்துக்கு இழுத்துப் போடுவார். கோழிகளும் உள்ளேயே நடந்து புதுப் புல்லுக்கு வந்துவிடும். நேற்றைய இடத்தில் எச்சம் மட்டும் கிடக்கும்.

இந்த முறையைப் பற்றி 1993ல் சாலட்டின் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே ஆண்டி லீ என்பவரின் 'சிக்கன் டிராக்டர்' வந்தது. 2006ல் மைக்கேல் பொல்லன் தன் புத்தகத்தில் சாலட்டினின் பண்ணையைப் பற்றி விரிவாக எழுத, நகரும் கோழிக்கூடு உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. இன்றைக்கு பிவிசி குழாயிலும் பழைய மரப்பலகையிலும் அதைச் செய்து காட்டும் வீடியோக்கள் ஏராளம்.

பார்க்கிறவர்கள் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. நகரும் கூடு நன்றாக வாழ்ந்து, தோற்றுப்போய், மறுபடி எழுந்து வந்த பழைய சாமான். அது ஏன் தோற்றது என்று தேடிப்போனால் கோழியைவிட மனுஷங்களைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது.

முதலில், கூடு ஏன் நகர வேண்டும்? கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் கீதாரி ராத்திரி ஆட்டை மடக்குவார். மறுநாள் கிடையை அடுத்த துண்டுக்கு மாற்றுவார். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கச் சமமாக விழும். 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்பார்கள். கோழி எரு ஆட்டு எருவையும்விட வீரியம். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் எச்சம் போடும். ஒரே இடத்தில் குவிந்தால் புல் கருகிவிடும். பரவலாக விழுந்தால் அதே புல் செழிக்கும்.

இன்னொரு காரணம் நோய். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தோடு வெளியே வந்ததும் தொற்றாது. ஈரமும் சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் கோழியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். தினமும் நகர்த்த வேண்டும் என்ற கணக்கு இதற்கும் பொருந்துகிறது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் விவசாயிகள். அங்கே லிட்டில் காம்ப்டன் என்று ஒரு கடலோர ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அந்த வட்டாரத்து வயல்களில் சின்னச் சின்ன மரவீடுகள் தள்ளித்தள்ளி நின்றன. ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது கோழிகள். வேலி கிடையாது. தீவனமும் தண்ணியும் ஏற்றிய குதிரைவண்டி வீடு வீடாகப் போகும், முட்டையை எடுத்துக்கொண்டு திரும்பும். இடம் மாற்ற வேண்டுமானால் மாட்டையோ குதிரையையோ பூட்டி வீட்டையே இழுத்துவிடுவார்கள். 'காலனி வீடு' என்று இதற்குப் பெயர். அந்த ஊர் ஐசக் வில்பரின் பண்ணை அந்தக் காலத்தில் நாட்டிலேயே மிகப் பெரிய கோழிப்பண்ணைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்புக் கோழி இந்த வயல்களில்தான் உருவானது. அதன் மூதாதைகளில் ஒன்று கப்பலேறிப் போன மலாய்ச் சேவல். பக்கத்து ஆடம்ஸ்வில்லில் 1925ல் இந்தக் கோழிக்கு நினைவுக்கல்லே வைத்தார்கள். பிறகு இந்தியாவிலும் கலப்பினம் உருவாக்க இந்த இனத்தை எடுத்துக்கொண்டார்கள். மழையிலும் குளிரிலும் வெளியே மேய்ந்து பிழைத்த கோழி அது. அதன் உடம்பு அப்படி ஆனதில் அந்த மரவீடுகளுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் ஏன் தோற்றது?

அதுவரை கோழியை வெளியே விடாமல் வளர்க்கவே முடியாது. குளிர்காலம் முழுக்க உள்ளே அடைத்துப் பார்த்தால் குஞ்சுகளுக்குக் கால் வளையும், நடக்காது, செத்துப்போகும். வைட்டமின் டி இல்லாததுதான் காரணம் என்று 1920களின் தொடக்கத்தில் தெரிந்தது. வெயில் தருவதை இனிமேல் மீன் எண்ணெயே தந்துவிடும். கோழி வெளியே போக வேண்டிய கட்டாயம் அன்றோடு முடிந்தது.

அதே சமயம் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற ஊரில் ஒரு சம்பவம். 1923ல் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சு கேட்டார். குஞ்சுக்கடையில் தவறுதலாக 500 அனுப்பிவிட்டார்கள். அவர் திருப்பி அனுப்பவில்லை. ஒரு கொட்டகை கட்டி வளர்த்தார். பிழைத்தவை 387. தலா இரண்டு பவுண்டு எடை வந்ததும் பவுண்டு 62 சென்ட்டுக்குக் கறிக்கு விற்றார். மூன்றே வருஷத்தில் அவரிடம் 10,000 கோழிக்கு இடம் இருந்தது. பிராய்லர் தொழிலின் தொடக்கமாக அமெரிக்கர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சின்னக் கொட்டகையை இப்போது வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. அதற்கு முன் அமெரிக்கக் கிராமங்களில் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. முட்டை விற்ற காசும் அவர்களுடையதுதான். நம்ம ஊரிலும் அப்படித்தானே? மாடு விற்ற பணம் அப்பா கைக்கு, கோழி விற்ற பணம் அம்மா சுருக்குப்பைக்கு. காலையில் திறந்து விடுவது, பஞ்சாரத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றுவது, சாயங்காலம் எண்ணி அடைப்பது, கீரிப்பிள்ளை வந்ததா என்று பார்ப்பது, இந்த வேலைக்கெல்லாம் யாரும் கூலி போட்டதில்லை. கணக்கில் வராத உழைப்பு இருந்தவரைக்கும் கோழியை வெளியே வளர்ப்பது லாபமாகத் தெரிந்தது. ஆயிரம், பத்தாயிரம் என்று கோழி பெருகி, ஒவ்வொரு மணிநேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று வந்தபோது கணக்கு மாறிவிட்டது. கூட்டை இழுக்கிற ஆளைவிட, நிற்கிற கூட்டுக்குத் தீவனம் கொண்டுவரும் சங்கிலி மலிவு.

இங்கிலாந்தில் இது கொஞ்சம் தாமதமாக நடந்தது. புல்லில் தினமும் நகர்த்தும் கூடுகள் அங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாதாரணம். சரிந்த கூரை, ஒரு முனையில் அடையும் இடம், மறு முனையில் கம்பிவலை முற்றம். பிறகு அங்கேயும் கூண்டு வந்தது. 1964ல் ரூத் ஹாரிசன் 'அனிமல் மெஷின்ஸ்' எழுதினார். கூண்டுக்குள் கோழி எப்படி இருக்கிறது என்று பொதுமக்கள் பேச ஆரம்பித்தது அதன் பிறகுதான். ஐரோப்பிய ஒன்றியம் பழைய மாதிரிக் கூண்டுகளைத் தடை செய்ய 2012 ஆனது. அந்தக் கூண்டில் ஒரு கோழிக்குச் சட்டம் கொடுத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாள் அதைவிடப் பெரிசு.

ஆனால் கூண்டை வில்லனாக்கிக் கதையை முடித்துவிட முடியாது. ஒரு காலத்தில் விசேஷத்துக்கு மட்டும் அடித்த கோழி இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. நாமக்கல் முட்டை சத்துணவுத் தட்டுக்கு வந்ததும் நகராத கூண்டால்தான். புல்லில் வளர்ந்த கோழி நல்லது என்று சொல்வது சுலபம். அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் சாப்பிடத்தானே வேண்டும்.

சாலட்டினின் கூடு திரும்பி வர முடிந்ததற்குக் காரணம் பண்ணைக்கே வந்து கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஆட்கள். அவருடைய பண்ணையில் தொழில் பழக வரும் இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இப்போதும் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்: விடியற்காலையில் கூட்டை யார் இழுப்பது, அவருக்கு என்ன கூலி?

கூடு கட்டும் வேலைகூட இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. உயரம் 2 அடி என்று வைப்பதால் மரமும் மிச்சம், காற்றும் அதிகம் பிடிக்காது. தரை வைக்காததால் பாரம் குறைகிறது, எச்சமும் நேராக மண்ணுக்குப் போகிறது. ரொம்ப லேசாகச் செய்தால் காற்று புரட்டிவிடும். கனமாகச் செய்தால் நகராது. மேடு பள்ளமான நிலத்தில் அடியில் இடைவெளி விழும், நரியோ கீரியோ அதில் நுழையும். வேகமாக இழுத்தால் பின்னால் வரும் கோழியின் கால் சட்டத்தில் மாட்டும். இத்தனைக்கும் நடுவில்தான் அளவு முடிவாகிறது.

நாலு கோழி வைக்க ஆசைப்பட்டு வீட்டில் கூடு செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் கோழிக்கு எவ்வளவு இடம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதோடு வீட்டில் இன்னொன்றும் பேச வேண்டும். முதல் வாரம் எல்லாரும் ஆசையாக இழுப்பார்கள். மூணாவது மாசம், மழை நாளில், அந்த வேலை யார் தலையில் விழும்? அவரைக் கூப்பிட்டு, சட்டத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் முடிகிற பாரம்தான் கூட்டின் சரியான அளவு.