வெட்டி ஒழிந்த மலையும் ஒழியாத வீடும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையொன்றில் இளைஞர் இருவர் உரையாடிக்கொண்டிருந்தனர். ஒருவர் அண்மையில் தந்தையானவர். மற்றவர் அவருக்கு வாழ்த்துக் கூறிக்கொண்டிருந்தவர். "வீட்டில் வேலைக்குப் போகிறார்களா?" என்று கேட்டார் நண்பர். "எங்கே போவது? கைக்குழந்தை இருக்கிறதே! வீட்டில் வெட்டியாகத்தான் இருக்கிறாள்" என்றார் புதுத் தந்தை.

கைக்குழந்தை இருக்கிறது, ஆகையால் வெட்டியாக இருக்கிறாள்! ஒரே மூச்சில் வெளிவந்த இவ்விரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று மோதுவதைச் சொன்னவரும் உணரவில்லை, கேட்டவரும் உணரவில்லை. அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாமெல்லாரும் நாள்தோறும் வழங்கும் சொல்தான் அது. ஆனால் அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கள்ளக்குறிச்சிச் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு.

வெட்டி என்றால் இன்று வேலையின்மை, வீண்பொழுது. சோழர் காலத்திலோ அதன் பொருள் நேர்மாறு. தஞ்சையிலும் பிற ஊர்களிலும் கல்லிலே பொறித்து வைத்த சாசனங்களில், இறைகளின் வரிசையில், வெட்டி என்னும் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. பொன்னாகவும் நெல்லாகவும் அளக்கும் வரியன்று அது. உடலால் செலுத்தும் வரி. அழைத்த நாளில் வந்து, இட்ட பணியைக் கூலியின்றிச் செய்துவிட்டுப் போக வேண்டும். கூலியில்லா உழைப்பே வெட்டி! கூலி பெறாத வேலை, காலப்போக்கில் வேலையே அன்று என்றாகிவிட்டது போலும். உழைத்தவனுக்கு ஊதியத்தை மறுத்தது ஒரு காலம். உழைப்பு என்ற பெயரையே மறுத்தது அதற்குப் பின்வந்த காலம்.

இது கல்வெட்டோடு கழிந்த பழங்கதை என்று எண்ணுவோர், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையைச் சற்றே நோக்கட்டும். கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் வளமலை அது. அம்மலையைச் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகீர்தார் குடும்பங்கள் பங்கிட்டு ஆண்டுவந்தன. விஜயநகர மன்னர் காலத்து உரிமை என்பது மரபு. வெள்ளையன் வந்தான், போனான்; 1947 வந்தது; 1950-இல் குடியரசும் வந்தது. சமவெளியில் வாக்குச்சீட்டு வந்த பின்னும் மலைமேல் சாகீர் நின்றது. நிலம் அவர்களுடையது, அதில் கூலியின்றி உழைக்கும் கடமை மலையாளிப் பழங்குடி மக்களுடையது. (மலையாளி என்றதும் கேரள மொழியினரை நினைக்க வேண்டா, மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் தமிழ்ப் பெயர் அது.) 1976-ஆம் ஆண்டில்தான் சாகீர் முறை முடிவுற்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியதும் அதே 1976-இல்தான். விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து!

சாகீர்க் காட்டில் வெட்டி வேலை முடித்துத் திரும்பிய ஆணுக்கு உட்காரத் திண்ணையாவது இருந்தது. உடன் உழைத்துத் திரும்பிய பெண்ணுக்கு என்ன இருந்தது? உரலில் சாமை இருந்தது. ஊற்றில் நீர் இருந்தது, போய் எடுத்துவர வேண்டும். காட்டில் விறகு இருந்தது, சுமந்துவர வேண்டும். மரக்கிளையில் பகலெல்லாம் தொங்கிய தூளியிலிருந்து இறக்கிய குழந்தை இடுப்பில் இருந்தது. ஆணுக்கு ஒரு வெட்டி, பெண்ணுக்கு இரண்டு. ஒன்றை 1976 ஒழித்தது. மற்றொன்றை?

மலைமக்களுக்காக ஒன்று கூறத்தான் வேண்டும். மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்குப் பரியம் கொடுக்கும் வழக்கம் அவர்களிடையே பழமையானது. கைம்பெண் மறுமணமும் அங்கே புதுமையன்று. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் மலையாளிகளின் மணமுறைகளைக் காணலாம். பரியம் பெண்ணின் கைக்குப் போகவில்லை, தந்தையின் கைக்கே போயிற்று, அது குறைதான். ஆயினும், ஒரு வீட்டின் உழைக்கும் கைகள் இன்னொரு வீட்டுக்குப் போகின்றன, அவற்றுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை அந்த வழக்கம் ஒப்புக்கொண்டது. நாகரிகம் மிக்கதாம் சமவெளி! இங்கே அப்பெண் வாழ்நாளெல்லாம் உழைக்கவும் வேண்டும். உழைக்க வருவதற்கு வரதட்சணையும் கொண்டுவர வேண்டும். இப்படியொரு வெட்டியை எந்தச் சாகீர்தாரும் கேட்டதில்லை.

இனி அந்தத் தேநீர்க் கடைத் தந்தையின் வீட்டுக்குள் நுழைவோம். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். இரவென்றும் பகலென்றும் அதற்கு இல்லை. பாலூட்டுவது தாயின் உடலுக்கு இயற்கை வகுத்த பணி, அதில் ஆணுக்குப் பங்கில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், குடித்த பால் செரிக்கத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கத் தாயின் உடல்தான் வேண்டுமா? ஈரத் துணியை மாற்ற, அலச, உலர்த்த, மடிக்க ஆணின் விரல்கள் வளையாவா? தடுப்பூசி நாளை நினைவில் வைக்க ஆணின் அறிவு போதாதா? நள்ளிரவில் தூளியை ஆட்டினால் மீசை உதிர்ந்துவிடுமா? இயற்கை ஒதுக்கியது ஒரே வேலை. மற்ற தொண்ணூற்றொன்பதையும் அவள் தலையில் ஒதுக்கியவர்கள் நாம்.

நாம் என்று சொல்வது பேச்சுக்காக அன்று. தந்தையான புதிதில், ஓரிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நாம் தூளியை ஆட்டினோம். மறுநாள் அதை மூன்று நண்பர்களிடம் பெருமையோடு கூறினோம். அதற்கு முந்தைய நாற்பது இரவுகளை நம் துணைவியார் எவரிடமும் கூறவில்லை. கூறுவதற்குரிய செய்தி என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்பதற்குரிய செய்தி என்று நமக்கும் தோன்றவில்லை. சமத்துவம் பற்றி மேடையில் பேசிவிட்டு வந்த இரவுகளும் அவற்றில் சில.

ஆணின் நெஞ்சம் குழந்தைக்கு அயலானது என்பார் உளர். தமிழ் இலக்கியம் அதை மறுக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர், மலையமான் ஆண்ட நிலம். அவனுடைய மக்களை யானைக் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் துணிந்தபோது குறுக்கே நின்று காத்தவர் கோவூர் கிழார். கொல்ல வந்த யானையைப் பார்த்த வியப்பில் அச்சிறுவர் அழுகையை மறந்தனர் என்று அவர் கண்டு சொல்கிறார். குழந்தைகளின் முகத்தைக் கூர்ந்து பார்த்தறிந்த ஆணின் கண் அது! பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராய் நடந்த கபிலரின் முடிவையும் திருக்கோவலூர்க் கோயிற் கல்வெட்டொன்று கூறுகிறது. பெண்ணையாற்றில் உள்ள பாறையை இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகின்றனர். நண்பனின் மக்களுக்குத் தந்தையாய் நின்றார் அப்புலவர்.

அன்பு இருந்தது. அலுவல் பங்கிடப்படவில்லை, அதுதான் குறை. பாண்டியன் அறிவுடை நம்பி, குறுகுறுவென நடந்துவந்து நெய்ச்சோற்றைத் துழாவி மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையின் அழகைப் புறநானூற்றில் பாடினான். பாட்டு இனிது! ஆனால் அந்த மேனியைக் கழுவியவர் யார், சிந்திய சோற்றைத் துடைத்தவர் யார் என்பதை மன்னன் பாடவில்லை. பொன்முடியாரோ கடமைகளையே பகுத்துரைத்தார்: பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு, களத்தில் களிறு வீழ்த்துவது மகனுக்கு. இன்று வேலும் இல்லை, வேந்தனும் இல்லை, களிறும் இல்லை. சான்றோனாக்கும் பொறுப்பைத் தந்தை பள்ளிக்கூடத்திடம் ஒப்படைத்துவிட்டார். ஐவர் கடமையில் நான்கு உருமாறின. தாயின் கடமை மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கிறது. பழமையைப் போற்றுவதில்தான் நமக்கு எத்துணை வசதி!

பெண்ணின் சுமை குறையவே இல்லையா? குறைந்திருக்கிறது. குறைத்தவர் கணவர் அல்லர் என்பதே இந்த வரலாற்றின் வேடிக்கை. உரலையும் உலக்கையையும் ஓய்வெடுக்க வைத்தது நெல் ஆலை. ஆட்டுக்கல்லை ஓய்வெடுக்க வைத்தது, ஐம்பதுகளில் கோயம்புத்தூரில் பிறந்த மாவரைக்கும் இயந்திரம். பகற்சோற்றின் பொறுப்பில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடம் ஏற்றது: 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் வழங்கிய உணவு, காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இன் சத்துணவு. பின்னர் வந்தவற்றில் ஒரு நாளைக் கவனியுங்கள். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. காலை உணவுத் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 15. முதற்கட்டமாகச் சேர்க்கப்பட்ட 1,545 பள்ளிகளில் 237 மலைப்பகுதிப் பள்ளிகள். மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியது 2023 செப்டம்பர் 15. இரு வேறு கட்சிகளின் ஆட்சி. ஆனால் நாள் ஒன்றே, அண்ணாவின் பிறந்தநாள்! உதவித்தொகை என்னாமல் உரிமைத்தொகை என்றது, வீட்டு வேலையும் வேலையே என்று அரசு தன் வாயால் ஒப்பியதாகும். இயந்திரம் ஒரு கை கொடுத்தது. அரசு ஒரு கை கொடுத்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த இரண்டு கைகள் மட்டும் செய்தித்தாளைப் பிடித்திருந்தன. இப்போது கைப்பேசியைப் பிடித்திருக்கின்றன.

எண்கள் இதைச் சொல்கின்றன. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-உம் ஏதேனும் செய்த ஆண்களின் கணக்கே. நூற்றுக்கு 26 ஆண்களே அவ்வாறு செய்தவர்கள். எஞ்சிய 74 பேர் ஒரு குவளையைக்கூடக் கழுவவில்லை! 2024-இல் மீண்டும் எடுத்தனர். பெண்களுக்கு 289 ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றனர் என்று மகிழலாமா? ஆண்களின் கணக்கு 88-ஆகக் குறைந்திருந்தது.

சட்டமும் குழந்தை யாருடையது என்பதை எழுதியே வைத்திருக்கிறது. சென்னை மாகாணம் 1934-இலேயே பேறுகாலச் சட்டம் கண்டது. நாடு முழுமைக்கும் 1961-இல் வந்தது. 2017-இல் 26 வாரமாயிற்று. தமிழக அரசு தன் பெண் ஊழியர்க்கு 2011-இல் ஆறு மாதமும், 2016-இல் ஒன்பது மாதமும், 2021-இல் ஓராண்டும் விடுப்பு அளித்தது. பாராட்டுகிறோம். தந்தைக்கு? நடுவண் அரசின் ஊழியர்க்குப் பதினைந்து நாள். தனியார் துறைக்குச் சட்டமே இல்லை. பேறுகாலத்தில் மனைவியின் அருகிருக்க விடுப்புக் கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவர், குறித்த நாளில் பணிக்குத் திரும்பாததால் பணியைக் கைவிட்டு ஓடியவராக நடத்தப்பட்டார். 2023-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆணையை நீக்கி, தந்தையர் விடுப்புக்குச் சட்டம் வேண்டும் என்றது. மனைவியோடு நின்றவருக்கு ஓடியவர் என்று பெயர்! ஸ்வீடன் நாட்டில் 1974-இலேயே தாய்க்கெனத் தனியே இருந்த விடுப்பைப் பெற்றோர் இருவர்க்கும் பொதுவாக்கினர். பொதுவாக்கியும் பெரும்பாலும் தாய்மாரே எடுத்தனர். எனவே 1995-இல் தந்தை எடுத்தாலன்றிக் கழிந்துபோகும் ஒரு மாதத்தை ஒதுக்கினர். உரிமை கொடுத்தது போதவில்லை. ஆணைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

"ஆண் வெளியே சென்று பொருளீட்டுகிறானே" என்பர். அதே 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது ஒரு வழக்கு. கணவர் சவூதி அரேபியாவில் உழைத்தார். மனைவி இங்கே வீட்டையும் மக்களையும் காத்தார். வாங்கிய சொத்து யாருடையது? மனைவியின் வீட்டுழைப்பும் அச்சொத்துக்குக் காரணம், அவருக்கும் சரிபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி. கணவரின் வேலைக்கு மணிக்கணக்கு உண்டு, அவளுடையதற்கு இல்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். வெளியே பொருளீட்டுவோர் ஆண்கள் மட்டும்தாமா? கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கும் பெண்ணையும், சின்னசேலத்து வயலில் களையெடுக்கும் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள்.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்றும் குறுக்கே நிற்கிறது. தலைப்பேறு தாய்வீட்டில். அன்பில் பிறந்த வழக்கம்தான். பெண்ணுக்கு அங்கே ஓய்வு கிடைக்கிறது. ஆனால் அந்த ஓய்வைத் தருபவள் அவளுடைய தாய். ஒருத்தியின் வெட்டியை இன்னொருத்தி ஏற்கிறாள். கணவனோ ஞாயிற்றுக்கிழமை பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு விருந்தாளியாக வருகிறான், கோழிக்குழம்பு உண்கிறான், குழந்தையை ஐந்து நிமிடம் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்புகிறான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை வீடு வரும்போது, தாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "உங்களுக்குத் தெரியாது, விடுங்கள்" என்று அவளே வாங்கிக்கொள்கிறாள். தெரியாதவனாகவே அவன் தாத்தாவும் ஆகிவிடுகிறான்.

வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி, சனிக்கிழமை மாலையே போகட்டும். இரவு தங்கட்டும். பால் கொடுத்ததும் குழந்தையை அவன் வாங்கிக்கொள்ளட்டும். கழுத்தைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்று மாமியாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மாமியார் முதலில் கூசுவார். மாமனார் எழுந்து வெளியே போவார். விடியற்காலை கிணற்றடியில் நனைந்த துணிகளை அவன் அலசிக்கொண்டிருப்பதைக் கண்டு அண்டை வீட்டார் இரண்டு வாரம் பேசுவர். மூன்றாம் வாரம் அவர்களுக்கு வேறு பேச்சுக் கிடைத்துவிடும்.