நடக்காத சண்டைகள்



முகமது அலியும் மைக் டைசனும் தங்கள் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? ஜோ லூயிஸ் முன்னால் ஜார்ஜ் ஃபோர்மேன் எத்தனை சுற்று நின்றிருப்பார்? குத்துச்சண்டை பேசுகிறவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். தொண்ணூறுகளில் பள்ளி இடைவேளையில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு இதன் ருசி தெரியும். உயரம், எடை, மார்பளவு, மோதிய சண்டை, வென்ற சண்டை எல்லாம் அட்டையில் இருக்கும். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவனுடைய அட்டையை எடுத்துக்கொள்வான்.

நினைவுச் சொற்பொழிவுக்கு இப்படி ஒரு பொருளா என்று முன்வரிசையில் சிலர் பார்ப்பது தெரிகிறது. அந்த அட்டையில் உள்ள எண்ணை யார் எழுதினார்கள் என்று கேட்டால் விளையாட்டு எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

1967இல் அமெரிக்காவில் மர்ரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் இந்தத் திண்ணைப் பேச்சை வியாபாரமாக்கினார். எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களிலும் 16 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வந்த முடிவுகளை நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வென்றார். அலியோ காலிறுதியில் ஜிம் ஜெஃப்ரிஸிடமே தோற்றுப்போனார். அதே 1967இல்தான் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் எந்த மேடையிலும் ஏற விடவில்லை. நிஜத்தில் யாரிடமும் தோற்காதவரை, நிஜத்தில் சண்டையிட முடியாத நேரத்தில், ஒரு இயந்திரம் தோற்கடித்தது. பத்து லட்சம் டாலர் கேட்டு அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1969இல் மயாமியில் அலியையும், ஓய்வுபெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்த மார்சியானோவையும் மேடையேற்றி வொரோனர் படம் எடுத்தார். தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார் மார்சியானோ. ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கு மேல் நடித்தார்கள். பல முடிவுகளையும் படமாக்கிக்கொண்டார்கள். படம் வெளிவரும் முன்பே, அந்த ஆகஸ்டில், மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆவது சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவுக்கு அலி வெல்கிற பிரதி போனது. அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாயிருக்கும் என்று அலி கிண்டல் செய்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு ஜாதியும் தெரியாது, நிறமும் தெரியாது. உள்ளே போட்ட எண் மட்டும்தான் தெரியும். ஆகவே ஜெஃப்ரிஸின் அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்.

1905இல் ஜெஃப்ரிஸ் தோல்வியே இல்லாமல் ஓய்வுபெற்றார். பட்டம் கையில் இருந்த காலத்தில் கறுப்பரோடு அதற்காக மோத மாட்டேன் என்பது அவருடைய கொள்கை. இந்தக் கோட்டை அவர் புதிதாகக் கிழிக்கவில்லை. 1892இல் ஜான் எல். சல்லிவன் உலகுக்கே சவால் விட்டபோது, அதிலேயே கறுப்பருக்கு இடமில்லை என்றும் எழுதினார். பீட்டர் ஜாக்சன் என்ற கரீபியத் தீவுக்காரர் ஒருவர் இருந்ததுதான் காரணம். ஆஸ்திரேலியாவில் பெயரெடுத்து வந்தவர். 1891இல் ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 சுற்று மோதி, முடிவில்லாமல் சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதே கார்பெட் சல்லிவனை வீழ்த்திப் பட்டம் வென்றார். ஜாக்சனுக்குக் கடைசிவரை வாய்ப்புத் தரப்படவில்லை.

ஜெஃப்ரிஸ் ஒருமுறை கோட்டைத் தாண்டினார். 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியனானதும், வெள்ளையர் மானத்தைக் காக்க ஜெஃப்ரிஸைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். 15ஆவது சுற்றில் கதை முடிந்தது. அன்றிரவு பல நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடைச் சட்டமே வந்தது. 57 ஆண்டு கழித்து அந்த ஜெஃப்ரிஸ்தான் ஒரு கம்ப்யூட்டருக்குள் அலியை வென்றார்.

வேறு வேறு காலத்து வீரர்களை மோதவைக்க முடியாததற்குக் காலத்தைக் குறைசொல்ல முடியாது. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே எடையில் இருந்த இருவரை மோதவிடாமல் வைத்தது யார் என்பதுதான் நம் கேள்வி. டெம்ப்சி 1919 முதல் 1926 வரை சாம்பியன். அந்த ஆண்டுகள் முழுக்க ஹாரி வில்ஸ் வாசலில் நின்றார். நியூயார்க் குத்துச்சண்டை ஆணையமே வில்ஸ்தான் அடுத்த போட்டியாளர் என்றது. 1925இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. சண்டை மட்டும் நடக்கவில்லை. வில்ஸும் சாம் லாங்ஃபோர்டும் வேறு வழியின்றித் தங்களுக்குள்ளேயே 15 முறைக்கு மேல் மோதிக்கொண்டார்கள். அப்படி மோதி மோதித் தோல்விகள் சேர்ந்த அட்டை அவர்களுடையது. வேண்டியவரோடு மட்டும் மோதிச் சுத்தமாக வைத்த அட்டை மற்றவர்களுடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்கிறோம்.

இங்கே நமக்கு வசதிப்படாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜாக் ஜான்சன் சாம்பியனாக இருந்த ஏழாண்டில் ஒரே ஒரு கறுப்பருக்குத்தான் பட்டப் போட்டி கொடுத்தார்: 1913இல் பாரிஸில் ஜிம் ஜான்சனுக்கு. லாங்ஃபோர்டைக் கடைசிவரை தவிர்த்தார். வெள்ளையரோடு மோதினால்தான் பணம் என்பது அவர் பக்கத்து நியாயம். கோட்டை உடைத்தவர் அதே கோட்டைத் தனக்குக் கீழே மறுபடி கிழித்தார் என்பது லாங்ஃபோர்டின் பக்கத்து நியாயம். நான் இரண்டாவது பக்கம்தான் நிற்கிறேன். நம் வட்டாரத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கைச் சந்தித்து, 1899இல் சிவகாசியில் கலவரத்தைச் சந்தித்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்ற ஒரு சமூகம், பிறகு இதே மண்ணில் தீப்பெட்டி ஆபீஸும் பயராபீஸும் கட்டி எழுந்தது. பெரிய சாதனைதான். அந்த ஆபீஸ்களுக்குள் யார் முதலாளி, மருந்து கலக்குவது யார் என்பதை நீங்களே அறிவீர்கள்.

எண்களைப் பற்றிச் சொன்னதும் நம் மாவட்டத்தின் புகழ்பெற்ற எண் நினைவுக்கு வருகிறது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பெற்றது. ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிடுவது. அதே எண்பதுகளில் விடியுமுன் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக 1986இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. குச்சி அடுக்கிய அந்தப் பெண் பிள்ளை பரீட்சையில் தோற்கவில்லை. அவளுக்கு அட்டையே போடவில்லை.

வட சென்னைக்கு வருவோம். 1980இல் அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அந்த நகரத்துக்குக் குத்துச்சண்டை புதிதில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய உழைப்பாளிகளின் ஊர் அது. சார்பட்டாவின் கித்தேரி முத்துவை மார்சியானோவோடு மோதவிட்டால் என்ன ஆகும் என்று வொரோனரின் கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தால், எடை வித்தியாசம் இருக்கட்டும், உள்ளே போட ஒரு வரி விவரம் கிடைத்திருக்காது. அமெரிக்காவில் லாங்ஃபோர்டின் தோல்விக்காவது தேதி இருக்கிறது. நம் பரம்பரைகளின் பெரும்பாலான சண்டைகள் பார்த்தவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றன, பார்த்தவர்களோ எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்த அரங்கில் உள்ள மாணவர்களில் யாராவது இருவர் ஒரு நோட்டோடு வியாசர்பாடிக்கும் ராயபுரத்துக்கும் போவதாக இருந்தால், யார் யாரோடு மோதினார்கள் என்று கேட்டு எழுதியபிறகு, யாரோடு மோத விடவில்லை என்றும் கேளுங்கள்.