இதயப் புழுவும் ராஜபாளையம் நாயும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே கண்மாய்களும் நெல்வயல்களும் தோப்புகளுமாகக் கிடக்கும் நிலம், கொசுவுக்கு என்றும் குறைவில்லாதது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் இங்குக் குடியேறிய ராஜுக்களுடன் சேர்த்துச் சொல்லப்படும் ராஜபாளையம் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது; பால்வெள்ளை நிறத்தையே விரும்பி இணைசேர்த்து வந்ததால் பிறவிச் செவிட்டுக் குட்டிகளும் இவ்வினத்தில் பிறப்பதுண்டு. பன்றி கிழித்த காயத்தையும் உடலில் ஊரும் உண்ணியையும் கண்ட வளர்ப்போருக்கு, கொசு கடித்து ஆறேழு மாதங்கள் கழித்தே முதிர்ந்து, பின்னரும் நெடுநாள் அடையாளம் காட்டாதிருக்கும் ஒரு புழுவைப் பற்றி அறிய வழியே இருந்திருக்காது.

டைரோஃபிலேரியா இம்மிடிஸ் எனப்படும் இதயப் புழு, நுரையீரல் தமனியிலும் இதயத்தின் வலப்பகுதியிலும் குடிகொள்வது. பெண்புழு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை வளரும். யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் சீனத்தின் அமோயில் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்ததன் தொடர்ச்சியாகவே, நாயின் புழுவையும் கொசுவே பரப்புகிறது என்பது 1900 வாக்கில் இத்தாலியில் நிறுவப்பட்டது. மருந்தும் அதே வழியில் வந்தது. 1947-இல் அறிமுகமான டைஎத்தில்கார்பமசின், இந்தியாவில் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தின் மாத்திரையாகவே பெயர்பெற்றது. நாய்க்கு அதை நாள் தவறாமல் கொடுக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் ஏற்கெனவே நுண்புழு (முதிர்ந்த புழு ஈனும் இளம்புழு) உள்ள நாய்க்கு அது அதிர்ச்சியையும் சாவையும் விளைவிக்கக்கூடும் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகே மருந்து என்னும் முறை உருவாயிற்று. ஜப்பானிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரின் வழிவந்த ஐவர்மெக்டின், 1987-இல் அமெரிக்காவில் மாதம் ஒருமுறை தரும் மாத்திரையாக வந்தது. இது இனிமேல் வரப்போகும் கடியைத் தடுப்பதன்று. கடந்த மாதம் உடலில் புகுந்த இளம்புழுக்களைக் கொல்வது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் மாத்திரையை நிறுத்தலாம். ஆண்டு முழுவதும் கொசு உலவும் இந்த அடிவாரத்தில் அதற்கு இடமில்லை.

ஆயினும் இந்தியாவில் இதயப் புழு மிகுதியாகப் பதிவாகியிருப்பது வடகிழக்கு மாநிலங்களில். தெற்கே, குறிப்பாகக் கேரளத்தில், தோலுக்கடியில் வாழும் டைரோஃபிலேரியா ரெபென்ஸ் என்னும் உறவினமே பரவலாகக் காணப்படுகிறது. இதயப் புழுவை நாடும் ஆன்டிஜென் சோதனை முதிர்ந்த பெண்புழுவின் புரதத்தையே தேடுவதால், ரெபென்ஸ் அதில் தவறிவிடலாம். ஆகவே தென்பகுதி நாயின் இரத்தத்தை நுண்ணோக்கியிலும் பார்த்து, நுண்புழு எந்த இனத்தது என்று தெரிந்துகொண்டே மருந்தைத் தொடங்க வேண்டியுள்ளது.