பின்யோன்–ஜூனிப்பர் காடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ பீடபூமியில், ஏறத்தாழ 1,500 முதல் 2,300 மீட்டர் உயரத்தில், வறண்ட மணற்கல் சரிவுகளில் பரவியுள்ள குட்டைமரக் காடு. மண் பெரும்பாலும் பாறை வெடிப்புகளில் மட்டுமே தங்குவதால், உண்ணத்தக்க கொட்டை தரும் பின்யோன் பைனும் செதிலிலைகொண்ட யூட்டா ஜூனிப்பரும் அவற்றில் வேரிறக்கி, இடைவெளிவிட்டு வளர்கின்றன. கடும் வறட்சியில் ஜூனிப்பர் சில கிளைகளைக் காயவிட்டு, எஞ்சியவற்றைக் காத்துக்கொள்ளும்.

இக்காட்டின் தொல்வரலாற்றுக்குத் தலையாய சான்று எலிவளைக் குவியல்களே. நியோடோமா பேரினத்து எலி, அண்மையில் கிடைக்கும் இலை, சுள்ளி, விதை, முள், எலும்பு எதையும் விடாமல் பாறை இடுக்கில் சேர்த்து அதன்மீதே சிறுநீர் கழிக்கும். அது உலர்ந்து பிசின்போல் இறுகுவதால், மழைபடாத இடுக்குகளில் இக்குவியல்கள் 40,000 ஆண்டுகளுக்கு மேலும் கெடாமல் கிடந்துள்ளன. வெல்ஸ், ஜோர்கென்சன் ஆகியோர் மொஹாவி பாலைவனக் குவியல்களைப் பற்றி 1964இல் எழுதியபின், இவற்றைக்கொண்டு பழந்தாவரங்களை அறியும் முறை பரவியது. கட்டியை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், பைனின் ஊசியிலைகூட இனம் காணும் நிலையில் வெளிப்படும். கதிரியக்கக் கார்பன் அளவைக் கொண்டு அதன் வயதையும் கணிக்கலாம். இச்சான்றுகளின்படி, கடைசிப் பனியூழியில் இன்றைய பின்யோன் சரிவுகள் பலவற்றில் குளிர்விரும்பும் லிம்பர் பைனும் டக்ளஸ் ஃபிரும் நின்றன. பனியூழி முடிந்த பின்னரே பின்யோன் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்தது. அதன் விதைக்குச் சிறகில்லை; தின்றது போக மிஞ்சியதை மண்ணில் புதைத்து மறக்கும் பின்யோன் ஜே என்னும் நீலப்பறவையே அதைப் பரப்பியதாகக் கருதப்படுகிறது. மனிதருக்கும் இதில் பங்குண்டு என்பாரும் உளர்.

இப்பகுதியில் வாழ்ந்த பண்டைய புவெப்லோ மக்கள் கொட்டையை உணவாகவும் மரத்தை விறகாகவும் கொண்டனர். சாக்கோ பள்ளத்தாக்கில் அவர்களே காட்டை அழித்தனர் என 1981இல் பெட்டன்கோர்ட், வான் டெவென்டர் ஆகியோர் எலிவளைச் சான்றுகொண்டு வாதிட்டனர்; அச்சான்று அம்முடிவுக்குப் போதாது எனப் பின்னர் மறுப்பு எழுந்தது. இக்காட்டைப் பற்றிய ஸ்பானியர் காலத்துக் குறிப்புகள் சொற்பம். பின்யோனுக்கு அறிவியற்பெயரிட்டவர் தாவரவியலாளர் எங்கெல்மன் (1848).

இரண்டாம் உலகப் போருக்குப் பின், மேய்ச்சல் நிலத்துக்காக, இரு புல்டோசர்களுக்கிடையே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களை வேரோடு சாய்த்தனர். இக்காடு புல்வெளிகளுக்குள் பரவியதற்கு மேய்ச்சலும் தீத்தடுப்பும் காரணமா, தட்பவெப்பமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பாறைச் சரிவுகளில் நூற்றாண்டுகள் பல கடந்த மரங்கள் நிற்பதால், அங்கேனும் இது புதிய வரவன்று எனலாம்.

2002–03 வறட்சியில், பட்டைவண்டின் தாக்குதலும் சேர, பின்யோன்கள் பெருமளவில் பட்டுப்போயின. ஜூனிப்பர்கள் பெரும்பாலும் தப்பின.